இலவசமாகக் கொடுத்த நிரலுக்கு 2,000 டொலர் தருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வேலையிடம், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 27. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்தவர். இப்போது நகரில் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை. கடைசி வருடச் செயற்றிட்டமாக, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றை எழுதினார். நம் ஊர்க் கந்தோர்களில் பல வருடக் கடிதங்கள் பாமினியில்தான் கிடக்கின்றன. அதில் 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ என்று தட்டி, கடைசியில் ஓர் அரைப்புள்ளி போடவேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். மாற்றுவது லேசான வேலை என்று தோன்றும். ஆனால் பாமினியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. யூனிகோடில் க முதலில் வரவேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். நடுவில் ஆங்கிலச் சொல்லோ இலக்கமோ கலந்துவிட்டால் எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று நிரல் ஊகிக்கவேண்டும். வாசகியின் கெட்டித்தனம் அந்த ஊகத்தில் இருக்கிறது.

நிரலை எம்ஐடி உரிமத்தின் கீழ், நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்பது அந்த உரிமம். இப்படி மூலநிரலைத் திறந்து கொடுப்பதைத்தான் திறமூலம் என்கிறோம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பின்னேரங்களில் அதைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார், சிலவேளை அலுவலக மடிக்கணினியில். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பெரிய அமெரிக்கக் கொம்பனியின் பொறியியலாளர்கள் இருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார்கள். மொத்தம் 11. நல்ல திருத்தங்கள் என்று அவரே சொல்கிறார். பிறகுதான் தெரியவந்தது, அந்தக் கொம்பனி காசுக்கு விற்கும் ஆவணத் தேடல் சேவைக்குள் இந்த நிரல் ஓடுகிறது. போன மாதம் மின்னஞ்சலில் ஓர் ஒப்பந்தம் வந்தது. பதிப்புரிமை, நிரலின் பெயர், கிட்ஹப்பில் அது இருக்கும் களஞ்சியம் மூன்றும் அவர்களுக்கு. வாசகிக்கு ஒருமுறை 2,000 டொலரும் 'பராமரிப்பாளர்' என்ற பட்டமும்.

"அப்பா திருக்கடலூரில் படகு வைத்திருக்கிறவர். கதையைக் கேட்டுவிட்டு 'சோழியன் குடுமி சும்மா ஆடுமோ பிள்ளை' என்று மட்டும் சொன்னார். கூடப் படித்த சிநேகிதன் இது பகல்கொள்ளை, வழக்குப் போடு என்கிறான். எனக்கோ அவ்வளவு பெரிய இடத்தில் என்னைக் கண்டுகொண்டார்கள் என்று சந்தோஷம். திறமூலம் என்றால் சேவை மனப்பான்மை என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். யார் சொல்வது சரி மடம்?" இப்படிக் கேட்கிறார். உரிமத்தை இப்போது மாற்ற முடியுமா, கையெழுத்துப் போடாவிட்டால் கோபித்துக்கொண்டு நிரலையே பறித்துவிடுவார்களா என்ற பயமும் கடிதத்தில் இருக்கிறது.

சரி, தங்கச்சி. மூன்று பேரில் உங்கள் அப்பாதான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறார். ஆனால் குடுமி ஏன் ஆடுகிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பழமொழியால் உங்களுக்குப் பிரயோசனம். சட்டத்தொழிலுக்கு வருமுன் நான் மூன்று வருடம் நிரல் எழுதிய ஆள் என்பதால் அதையே முதலில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஏன் சும்மா தருகிறார்கள்

கரையில் நடப்பதை அப்பாவிடம் கேளுங்கள். முதலாளி ஒருவர் இஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார். பிடிக்கிற மீனை அவருக்குத்தான் கொடுக்கவேண்டும். ஐஸ் அவருடையது, பேலியகொடைக்குப் போகிற லொறி அவருடையது. வலை எவ்வளவு மலிவாகிறதோ, அவ்வளவு படகு கடலுக்குப் போகும். அவ்வளவு மீன் அவருடைய லொறியில் ஏறும். வலையில் அவருக்கு ஒரு சதமும் தேவையில்லை.

பெரிய கொம்பனிகளின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். தாங்கள் காசு பார்க்காத அடுக்கை இலவசமாக்கினால், பார்க்கிற அடுக்கில் வியாபாரம் பெருகும். ஐபிஎம் 2001ஆம் ஆண்டில் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்காக 100 கோடி டொலர் செலவழிப்போம் என்று அறிவித்தது. அவர்களுக்கு லாபம் தந்தவை பெரிய கணினிகளும் சேவை ஒப்பந்தங்களும். அடியில் ஓடும் இயங்குதளத்துக்கு வாடிக்கையாளர் மைக்ரோசொப்டுக்கோ சன் கொம்பனிக்கோ கொடுக்கிற காசு மிஞ்சினால், அது ஐபிஎம்மிடம் வர வாய்ப்பு உண்டு. அந்த வழியில் வெகுதூரம் போய், 2019இல் லினக்ஸ் விற்கும் ரெட் ஹாட் கொம்பனியையே 3,400 கோடி டொலருக்கு வாங்கினார்கள்.

கூகுள் அண்ட்ரொய்டைக் கொடுத்தது கைபேசி விற்பதற்காக என்று யாரும் நம்பமாட்டார்கள். தேடலும் விளம்பரமும் எல்லார் சட்டைப்பைக்கும் போகவேண்டும்; நடுவில் வேறொருவர் கதவைப் பூட்டக்கூடாது. பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் இன்னும் சுவாரசியமான கதை. மேகக் கணிமையில், அதாவது இணையம் வழியே கணினி வாடகைக்கு விடும் தொழிலில், அமேசான் வெகுதூரம் முன்னால் போய்விட்டிருந்த காலம் அது. 2014இல் கூகுள் அதை வெளியிட்டு, அடுத்த வருடமே ஒரு பொது அறநிலையத்திடம் ஒப்படைத்தது. அதில் எழுதியவர்கள் ஒருவருடைய மேகத்திலிருந்து இன்னொருவருடையதற்கு இடம் மாறுவது லேசாகும். முன்னால் ஓடுகிறவனுக்கு அதில் என்ன லாபம்? பின்னால் ஓடுகிறவனுக்குத்தான்.

மைக்ரோசொப்டின் தலைவர் 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே கொம்பனி 2018இல் கிட்ஹப்பை 750 கோடி டொலருக்கு வாங்கியது. நடுவில் மனம் திருந்தவில்லை, வருமானம் வரும் இடம் மாறியது. விண்டோஸ் பெட்டியை விற்ற காலத்தில் லினக்ஸ் எதிரி. மேகத்தில் மணித்தியாலக் கணக்கில் கணினி வாடகைக்கு விடும் காலத்தில், அந்த வாடகைக் கணினிகளில் பாதிக்கு மேல் லினக்ஸ் ஓடுகிறது. வாடகைக்கு வந்தவரோடு என்ன பகை?

ஆள் சேர்ப்பதும் ஒரு காரணம். இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ரியாக்ட்டை பேஸ்புக் 2013இல் வெளியிட்டதால், இன்று அங்கே வேலைக்குப் போகிற பிள்ளை தன் சொந்தச் செலவில் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறது. கூகுள் 2005 முதல் மாணவர்களுக்குக் காசு கொடுத்துக் கோடைகாலத்தில் திறமூல வேலை செய்விக்கிறது. அதன் முதல் பத்தாண்டில் உலகத்திலேயே அதிகம் மாணவர்கள் போனது நம் மொறட்டுவப் பல்கலைக்கழகத்திலிருந்து. பிள்ளைகளுக்கும் லாபம், கூகுளுக்கும் லாபம். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பிறகு, செலவைப் பகிர்வது. லினக்ஸின் மையமான கருநிரலில் சேரும் மாற்றங்களில் மிகப் பெரும்பான்மை சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் எழுதுவது. இன்டெல்லுக்குத் தன் சில்லு அதில் ஓடவேண்டும். ஒரு திருத்தத்தைத் தனக்குள் வைத்திருந்தால், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதைத் திரும்பத் திரும்பப் பொருத்தவேண்டும். மூலத்தில் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை ஊருக்குப் பொதுவாகிவிடும். உங்களுக்கு வந்த 11 திருத்தங்களும் இந்த வகைதான். உங்கள் நிரலில் சேராவிட்டால் அந்த இரண்டு பொறியியலாளர்களும் வருடம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரியவேண்டும்.

உங்களுக்குப் படிப்பித்தவர்கள் பொய் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, நம் கரையில் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், கொழும்பில் தொண்டர்கள் இரவு பகலாக இருந்து சகானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். பிறகு அது வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது. அதற்குச் சேவை என்றுதான் பெயர். ஒரே உரிமத்தின் கீழ் சேவையும் நடக்கும், வியாபாரமும் நடக்கும்; உரிமத்தைப் பார்த்து ஆளின் நோக்கத்தைச் சொல்லமுடியாது.

கொடுக்காமல் வைத்துக்கொண்டது எது

முதலாளியின் கதையும் இதுவும் ஓரிடத்தில் பிரிகின்றன. திறமூலத்தில் வலை உண்மையிலேயே உங்களுடையது. நாளைக்கே வேறு கரைக்கு எடுத்துக்கொண்டு போகலாம், முற்பணம் என்ற கயிறு கிடையாது. ஆகவே பிடி வேறெங்கோ இருக்கவேண்டும். என் மேசைக்கு இப்படி ஒரு பத்திரம் வந்தால், அந்தப் பிடி எங்கே என்றுதான் முதலில் தேடுவேன்.

அண்ட்ரொய்டின் மூலநிரல் எல்லாருக்கும் பொது. பிளே ஸ்டோரும் வரைபடமும் கூகுளுடையவை. அந்தக் கடை வேண்டுமென்றால் தேடலையும் குரோமையும் சேர்த்துப் போடவேண்டும் என்று கைபேசி செய்கிறவர்களுக்கு நிபந்தனை போட்டதையும் சேர்த்துத்தான் 2018இல் ஐரோப்பிய ஆணைக்குழு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. பிறகு நீதிமன்றம் அதைச் சிறிது குறைத்தது. நீங்கள் நிரல் எழுதப் பாவிப்பதாகச் சொன்ன மைக்ரோசொப்டின் 'விஎஸ் கோட்' செயலியைப் பாருங்கள். மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. நீங்கள் தரவிறக்கிப் போட்டிருக்கும் செயலியோ மைக்ரோசொப்டின் சொந்த உரிமத்தில் வருகிறது. அதற்குக் கூடுதல் வசதி தரும் நீட்சிகள் இருக்கும் சந்தையை மைக்ரோசொப்டின் தயாரிப்புகளோடுதான் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் விதி.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள நிரலின் கதை உங்களுடையதற்கு இன்னும் கிட்ட. அந்தக் கொம்பனி பதிப்புரிமையைத் தன் கையில் வைத்திருந்ததால், ஒரே நிரலை இலவசமாகவும் கொடுத்தது, காசுக்கும் விற்றது. 2008இல் சன் அதை 100 கோடி டொலருக்கு வாங்கியது. 2010இல் சன்னையே ஒராக்கிள் வாங்கியது. மூலத்தை எழுதியவர் நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தனியாக நடத்தினார்; உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. பெயரை எடுக்கமுடியவில்லை. அவருடைய மூத்த மகள் 'மை'யின் பெயரில் இருந்தது ஒராக்கிளுக்குப் போய்விட்டது. இளைய மகளின் பெயரில் மரியாடிபி என்று புதிதாகத் தொடங்கவேண்டி வந்தது. நல்லவேளை, இன்னொரு மகள் இருந்தாள்.

பதிப்புரிமையோ, அதற்குச் சமமான அதிகாரமோ ஒரே கையில் குவிந்தால் விதியைப் பிறகு மாற்றலாம். இலாஸ்டிக் 2021இலும் ஹாஷிகோர்ப் 2023இலும் ரெடிஸ் 2024இலும், மூன்றும் மென்பொருள் கொம்பனிகள், அப்படித்தான் உரிமத்தை இறுக்கின. இலாஸ்டிக்குக்கு நியாயமான ஆத்திரம் இருந்தது. அமேசான் அவர்களுடைய நிரலைச் சேவையாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் மூன்றிலும் பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் தனிக் கிளை தொடங்கிவிட்டார்கள். லினக்ஸில் இது நடக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் எழுதிய பகுதிக்கு உரிமையாளர்கள். 2004 முதல் அங்கே உள்ள நடைமுறை, 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ஒரு வரி போடுவது மட்டும்தான். ஒருவரை ஒருவர் நம்பாத கொம்பனிகள் அந்த ஒரே நிரலில் சேர்ந்து வேலை செய்வதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

இப்போது உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். எம்ஐடி உரிமத்தில் அவர்கள் ஏற்கனவே எல்லாம் செய்யலாம். எடுக்கலாம், மூடலாம், விற்கலாம். அப்படியானால் 2,000 டொலர் எதற்கு? பாதிக் காரணம் அவர்களுடைய வழக்கறிஞர்களின் நிம்மதி. இந்த நிரலுக்கு யாராவது பிறகு வந்து சொந்தம் கொண்டாடுவார்களோ என்ற கேள்விக்கு ஒரு கையெழுத்து வேண்டும். மறுபாதி பெயரும் களஞ்சியமும். உங்கள் நிரலைப் பயன்படுத்துகிற கந்தோர்களும் பத்திரிகைகளும் அடுத்த பதிப்பு வந்தால் கேள்வி கேட்காமல் அந்தப் பெயரிலிருந்து இறக்கிக்கொள்கின்றன. அந்தப் பெயரின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் அனுப்புவதுதான் எல்லார் கணினியிலும் ஓடும். 2024இல் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரலுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். களைத்துப்போயிருந்த ஒரு தனிப் பராமரிப்பாளருக்கு உதவி செய்வதுபோல வந்த ஒருவர், இரண்டு வருடத்தில் நம்பிக்கை பெற்று, உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து நுழைய அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டுக் கண்டுபிடித்தது, பாருங்கள், மைக்ரோசொப்டில் சம்பளம் வாங்கும் ஒரு பொறியியலாளர். உங்களிடம் ஒப்பந்தம் அனுப்பியவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சாவிக்கு உள்ள பெறுமதியைத்தான் சொல்கிறேன்.

இது களவா?

சிநேகிதனுக்கு என் பதில்: களவு இல்லை. காசுக்கு விற்கும் பொருளுக்குள் போடலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் 'இலவசமாகக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு ஓர் உரிமையும் இல்லை' என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் பிழை. நீங்கள் கொடுத்தது அனுமதி. பதிப்புரிமை இன்னும் உங்களிடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பாதுகாக்கப்பட்ட ஆக்கமாகவே பார்க்கிறது. எங்கும் பதியவேண்டியதில்லை.

எம்ஐடி உரிமத்தில் ஒரேயொரு நிபந்தனை உண்டு: உங்கள் பெயருள்ள பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் நிரலின் பிரதிகளோடு கூடவே போகவேண்டும். அவர்களின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் உங்கள் பெயர் இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அங்கே இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் கைபேசியை எடுத்து அமைப்புகளுக்குள் போய், 'தொலைபேசி பற்றி', 'சட்டத் தகவல்', 'திறந்த மூல உரிமங்கள்' என்று தட்டிப் பாருங்கள். இதை எழுதுமுன் என்னுடையதில் தட்டினேன். விரல் வலிக்கும்வரை தள்ளியும் முடியவில்லை. பெயர், வருடம், உரிமம், பெயர், வருடம், உரிமம். அந்த மாதிரி ஒரு பட்டியல் அவர்களுடைய சேவையிலும் எங்காவது இருக்கும். சேவை முழுக்க அவர்களின் சேவையகத்துக்குள் மட்டும் ஓடி, நிரலின் பிரதி வெளியே யாருக்கும் போகவில்லை என்றால், பட்டியல் வைக்கவேண்டிய தேவையும் பெரும்பாலும் எழாது. கணினியில் நிறுவும் செயலி ஒன்றும் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் அது உரிம மீறல்.

இலவச உரிமத்தை மீறினால் நீதிமன்றம் கண்டுகொள்ளுமா என்ற கேள்விக்கு 2008இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் பதில் சொன்னது. பொம்மை ரயில்களை ஓட்டும் நிரலைப் பொழுதுபோக்காக எழுதிய ஜேக்கப்சன் என்பவர், எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு அதைத் தன் பொருளில் சேர்த்த கட்சர் என்பவர்மீது போட்ட வழக்கு. காசு வாங்காமல் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான், அதை மீறினால் பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. அதற்காக நீங்கள் வழக்குப் போடவேண்டியதில்லை. பெயர் இல்லை என்று கண்டால் ஒரு மின்னஞ்சல் போதும். பெரிய கொம்பனிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும், அவர்கள் விழுந்தடித்துத் திருத்துவார்கள்.

உரிமத்தை மாற்றலாமா என்றால், இனி வரும் பதிப்புகளுக்கு மாற்றலாம். போனது போனதுதான், பழைய பதிப்புகள் எம்ஐடியிலேயே இருக்கும். இறுக்கினால் அவர்கள் கடைசி இலவசப் பதிப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார்கள். அங்கே சம்பளத்துக்கு இரண்டு பேர், இங்கே பின்னேரங்களில் நீங்கள் ஒருவர். செய்யாதீர்கள் என்பேன்.

முதலில் உங்கள் வேலையிடம்

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம்தான் எனக்கு ஆகப் பெரிய கவலை: 'சிலவேளை அலுவலக மடிக்கணினியில்'. நம் சட்டப்படி, வேலையின் போக்கில் உருவாக்கிய ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், தொழில்தருநருக்குச் சேரும். இரவு எட்டு மணிக்கு, கேட்காத வேலையை, யாருடைய மடிக்கணினியில் செய்தாலும் அது வேலையின் போக்கு ஆகுமா? ஆகாது என்று நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பில் நின்றால், இவருடைய நியமனக் கடிதத்தில் 'மென்பொருள் ஆக்கம்' என்றுதானே இருக்கிறது, கருவியும் எங்களுடையதுதானே என்று வாதாடுவேன். இரண்டு வாதத்துக்கும் இடம் இருக்கிற நிலையில், அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பந்தியில் 'முழு உரிமையும் என்னுடையது, பிழைத்தால் நட்டத்துக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடுவது ஆபத்து. 2,000 டொலர் என்றால் இன்றைக்கு ஆறு லட்சம் ரூபாய் அளவில் வரும். பொறுப்புக்கு அங்கே உச்சவரம்பே இல்லை.

உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். பத்துப் பேர் உள்ள இடம் என்கிறீர்கள். முதலாளியோடு பேசக்கூடிய உறவு இருக்கும். 'இந்த நிரலில் எங்களுக்கு உரிமைக் கோரிக்கை இல்லை' என்று கடிதத்தாளில் நான்கு வரி, கையொப்பம், திகதி. டொலர் கதை ஊரில் பரவுமுன் அதை வாங்கிவிடுங்கள். அதற்காக ஒளிக்கவும் வேண்டாம். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மாணவியாக எழுதிய பகுதிக்கு இந்தச் சிக்கல் இல்லை, நீங்கள் அப்போது யாருக்கும் ஊழியர் இல்லை. ஆனாலும் செயற்றிட்டங்கள் பற்றி வளாகத்தில் ஏதாவது விதி இருந்ததா என்று உங்களை மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடம் ஒருக்கா கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்குவது கையெழுத்து ஆகாது என்று சிநேகிதன் சொன்னாராம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் பரிமாற்றச் சட்டம் அவருடைய பக்கம் இல்லை. விளையாட்டுக்கும் அமுக்கவேண்டாம்.

கையெழுத்துப் போடுவதா, விடுவதா

உள்ளபடியே போட்டால் 2,000 டொலரும் சுயவிபரக் கோவையில் ஒரு நல்ல வரியும் கிடைக்கும். பட்டத்தை அவர்கள் எந்த நாளும் எடுக்கலாம். ஒப்பந்தத்தில் காலம் எதுவும் குறிக்கவில்லை. பிணக்கு வந்தால் கலிபோர்னியாவில் வழக்காடவேண்டும் என்று கடைசிப் பந்தி சொல்கிறது. விமானச் சீட்டோடேயே அந்தக் காசு கரைந்துவிடும்.

போடாமலே விட்டாலும் வானம் இடிந்து விழாது. கோபித்தாலும் அவர்களால் செய்யக்கூடியது தனிக் கிளை தொடங்குவது மட்டும். அது இன்றைக்கும் அவர்களுக்குள்ள உரிமை. உங்கள் களஞ்சியத்தைத் தொடமுடியாது. ஆனால் கிளையைப் பராமரிக்க அவர்களுக்குப் பாமினி தெரிந்த ஆள் வேண்டும். 'கொ'வில் கொம்பு எங்கே வரும் என்று தெரிந்தவர்கள் அங்கே எத்தனை பேர்?

இதுதான் உங்கள் கையில் உள்ள துருப்பு. பெரிய கொம்பனிகள் காசைத் திறப்பது பெரும்பாலும் பயம் வந்த பிறகு. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகத்தில் ஏராளமான இணையத்தளங்களைக் காக்கும் நிரலை ஒரு கைப்பிடி ஆட்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கூகுள், மைக்ரோசொப்ட், அமேசான் எல்லாரும் சேர்ந்து ஒரு நிதியம் போட்டார்கள். உங்கள் நிரல் அவ்வளவு பெரியது இல்லை. ஆனாலும் தாங்கள் விற்கும் பொருளுக்குள் ஓடும் ஒன்றைக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்ற பயம் அவர்களுக்கும் இருக்கும்.

ஆகவே மறுமொழியில் விற்பனையை மறுத்து, வேலையை விற்கப் பாருங்கள். ஆங்கிலத்தில் நான்கே விஷயம் எழுதினால் போதும். பதிப்புரிமையை ஒப்படைக்கமாட்டேன், பரந்த அனுமதி ஒன்றை எழுத்தில் தரத் தயார். பெயரும் களஞ்சியமும் என்னிடமே இருக்கும், உங்கள் பொறியியலாளர் ஒருவருக்குத் திருத்தங்களைச் சேர்க்கும் அதிகாரம் தருகிறேன். மாதத்துக்கு இத்தனை மணித்தியாலம் பராமரிப்பு, பாதுகாப்புப் பிழை வந்தால் இத்தனை நாளுக்குள் பதில், அதற்கு மாதக் கட்டணம் இவ்வளவு. என் பொறுப்பு நீங்கள் தந்த கட்டணத்துக்கு மேல் போகாது. கட்டணத்தைத் துணிந்து போடுங்கள். அவர்களின் பொறியியலாளர் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தால் கூச்சம் போய்விடும்.

மாதக் கட்டணத்துக்கு ஒத்துவந்தால், அதற்குமுன் வேலையிடத்தில் வெளிவேலை செய்ய அனுமதி உண்டா என்று பார்க்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் காசுக்கு வரி எப்படி என்று ஒரு கணக்காளரிடம் கேளுங்கள். இரண்டும் பெரிய காரியங்கள் இல்லை.

சில கொம்பனிகள் பதிப்புரிமையைக் கேட்காமல், பரந்த அனுமதி மட்டும் கேட்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்று வைத்திருக்கும். அதை அனுப்பினார்களென்றால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதில் நிரலைப் பிறகு வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லலாம். பழைய ஒப்பந்தத்தையே திகதி மாற்றித் திரும்ப அனுப்பினால், அவசரப்பட்டுப் பதில் போடாமல் ஒரு நாள் கோட்டை வாசலில் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கும் என் அறைக்கு வாருங்கள். நியமனக் கடிதத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அதுவரை களஞ்சியத்தின் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவைத்திருங்கள்.